கொள்ளிவாய்ப் பிசாசும் மூணு தசம இடமும்

உங்க போன்ல மேப்பைத் திறங்க. சாத்தூர்னு தேடுங்க. அங்கிருந்து வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கமா மெதுவா நகர்த்திக்கிட்டே போங்க. சாதாரண மேப்ல ரெண்டு ரோடு, நாலஞ்சு ஊர் பேரு, ஒரு கண்மாய். மிச்சம் பூரா வெளிறிப்போன ஒரே நிறம். ஒண்ணுமே இல்லாத இடம்னுதான் தோணும்.

இப்ப சேட்டிலைட் வியூவுக்கு மாத்துங்க. கரிசல் மண்ணு. சீமைக்கருவேல மரங்களோட பச்சைத் திட்டு. அதுக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா சின்னச் சின்னப் பெட்டிகள் தெரியுதா? ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, அளந்து வெச்ச மாதிரி இடைவெளி விட்டு இருக்கும். அதுதான் பட்டாசு ஆலை. எங்க ஊர் பாஷையில 'ஃபயர் ஆபீஸ்'. ஒரு ரூம்ல வெடிச்சா அடுத்த ரூமுக்குத் தாவக்கூடாதுன்னுதான் அந்த இடைவெளி.

போன வருஷம் நானும் இதே வியூவைத்தான் பார்த்தேன். ஆனா பெட்டிகளை நான் பார்க்கல, காலி இடத்தை மட்டும்தான் பார்த்தேன். அந்தக் காலி இடத்துல ஒரு பின் போட்டேன். அந்தப் பின்னை நம்பி மூணு ஃபர்ஸ்ட் இயர் பசங்க எங்க போய் நின்னாங்க, அதுல நான் என்ன கத்துக்கிட்டேன், இனிமே இப்படி ஒரு விளையாட்டு நடத்துறவங்க என்ன செய்யணும்னு நினைக்கிறேன், இதுதான் இந்தக் கட்டுரை.

எனக்குத் தமிழ் எழுத்துப் பழக்கம் கம்மி. எல்கேஜி-ல இருந்து இங்கிலீஷ் மீடியம். பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

ஆசை எங்க இருந்து வந்தது

2016 டிசம்பர்ல போகிமான் கோ இந்தியாவுக்கு அதிகாரபூர்வமா வந்துச்சு, ஜியோவோட கூட்டு சேர்ந்து. நான் அப்போ ஏழாவது. அப்பா போனை வாங்கிக்கிட்டு தெருத்தெருவா அலைஞ்சேன். சென்னையில இருக்கற என் சித்தி பையன் ஒரே நாள்ல இருபது பிடிச்சேன்னு பீத்திக்கிட்டான். எங்க ஊர்ல? திரையில நான் ஒருத்தன் நிக்கிறேன். சுத்திலும் வெறும் பச்சை. ஒரு ஸ்டாப் கூடக் கிடையாது.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. அந்த கேமைச் செஞ்ச நியான்டிக் கம்பெனி, அதுக்கு முன்னாடி 2012-ல இன்கிரஸ்னு ஒரு விளையாட்டு விட்டிருந்தாங்க. அதை ஆடினவங்க தங்க ஊர்க் கோயில், சிலை, நினைவிடம்னு போட்டோ எடுத்து அனுப்பின இடங்கள்தான் பெரும்பாலும் போகிமானுக்கும் ஸ்டாப்பா மாறுச்சு. எங்க ஊர்ல இன்கிரஸ் ஆட ஆள் இல்ல. அதனால எங்க ஊர் அந்த மேப்லயும் இல்ல.

ஏழாவது படிக்கிற பையனுக்கு அது ஒரு சின்ன அவமானம். அது மனசுலயே தங்கிருச்சு.

தேர்ட் இயர்ல டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு 'ஏதாவது புதுசா ஒரு நான்-டெக்னிக்கல் ஈவென்ட் யோசி'ன்னு என்கிட்ட விட்டாங்க. உடனே அந்த வெறும் பச்சைதான் ஞாபகம் வந்தது. வெளிநாட்டுல போன் வழிகாட்ட, புதர்க்காட்டுக்குள்ள நடந்து, கதையில வர்ற மிருகத்தைத் தேடுற விளையாட்டெல்லாம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல பன்யிப்னு ஒரு நீர்ப்பூதம். அங்க பன்யிப் இருந்தா, இங்க எங்க அம்மாச்சி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கே! வாயில நெருப்பைக் கக்கிக்கிட்டு, ராத்திரி ஓடைக்கரையில அலையற சாமான். பட்டாசு பூமிக்கு இதைவிடப் பொருத்தமான பேய் எது?

'கொள்ளிவாய்ப் பிசாசு வேட்டை'ன்னு போஸ்டர் அடிச்சோம். பதினாலு டீம், டீமுக்கு மூணு பேர், ஏழு இடம். ஒரு வெப் பேஜ். நீங்க அந்த இடத்துக்கு 30 மீட்டர் பக்கத்துல போனா திரையில பிசாசோட கால்தடம் தெரியும். ஏழு தடத்தையும் சேர்த்தா முழுப் பிசாசு. எந்த இடத்துலயும் எதையும் ஒட்ட வேண்டாம், மறைச்சு வைக்க வேண்டாம். ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக்கிட்டே ஏழு பின்னையும் போட்டு முடிச்சேன். அதுல ரெண்டு இடம்தான் நான் நேர்ல பார்த்தது. மிச்சம் அஞ்சும் வானத்துல இருந்து பார்த்தது.

தப்பு எங்க நடந்தது

இன்ஜினியரிங் படிக்கிறவங்கதானே, கணக்கைப் பார்த்துருவோம்.

அஞ்சாவது பின், ஒரு ஓடைக்கரையில மூணு பனைமரம் நிக்கிற இடம். மேப்ல இருந்து எடுத்தப்ப ஆறு தசம இடத்தோட சரியாத்தான் எடுத்தேன். ஷீட்ல காலம் அழகா தெரியட்டும்னு மூணு தசமத்துக்கு ஃபார்மேட் பண்ணேன். சிஎஸ்வி-யா சேவ் பண்ணப்ப, திரையில தெரிஞ்ச எண்தான் ஃபைலுக்குள்ள போச்சு. மிச்ச இலக்கம் காணாமப் போச்சு.

ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். அப்போ மூணாவது தசம இடத்துல ஒரு எண் நகர்ந்தா 111 மீட்டர். ரவுண்டு பண்ணதுல அதிகபட்சம் வடக்கு-தெற்கா 55 மீட்டர், கிழக்கு-மேற்காவும் ஏறக்குறைய அதே அளவு, மூலைவாட்டுல பார்த்தா 78 மீட்டர் வரைக்கும் தப்பலாம். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில சுமார் 5 மீட்டருக்குள்ள சரியாக் காட்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேல சுத்தற சேட்டிலைட் அஞ்சு மீட்டர்தான் தப்பு பண்ணுது. ஹாஸ்டல்ல படுத்திருந்த நான் அறுபது மீட்டர் தப்பு பண்ணேன்.

பனைமரத்துல இருந்து அறுபது மீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு முள்வேலி. அந்த வேலிக்கு உள்ள இருந்தது ஒரு ஃபயர் ஆபீஸ்.

மூணு பசங்க. மூணு பேரும் வெளியூர். திரையில அம்புக்குறி 'இன்னும் 40 மீட்டர்'னு காட்டுது. வேலியில ஆடு புகுந்து புகுந்து விழுந்த ஒரு சந்து இருந்திருக்கு. 'கேம்ல இதுவும் ஒரு சேலஞ்ச் போல'ன்னு நினைச்சு உள்ள போயிட்டாங்க. கையில மூணு போனும் ஆன். ஒருத்தன் ரீல்ஸுக்கு வீடியோ வேற எடுத்துக்கிட்டே போயிருக்கான். மணி பன்னெண்டரை. மார்ச் மாசத்து உச்சி வெயில். அவங்க போய் நின்னது, மருந்து அடைச்ச சரக்கைக் காயப் போட்டிருந்த மேடைகளுக்குப் பக்கத்துல.

வாட்ச்மேன் ஒரு பெரியவர். அவர்தான் பார்த்தது. அவர் கத்தல. ஓடி வரல. சாதாரணமா நடந்து வந்து, ரொம்ப மெதுவா, "தம்பிகளா, அப்படியே நில்லுங்கய்யா. கையில இருக்கறதை அணைங்க. வந்த வழியிலயே என் பின்னாடி வாங்க"ன்னு கூப்பிட்டிருக்கார். வெளியே கூட்டிட்டு வந்து, வேப்பமர நிழல்ல உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, அதுக்கப்புறம்தான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருக்கு.

நான் பைக்கை எடுத்துக்கிட்டு ஓடினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன்: "சத்தம் போட்டிருந்தா புள்ளைக பயந்து ஓடியிருக்கும். ஓடுனா தடுக்கும். தடுக்கி அந்தச் சரக்கு மேல விழுந்தா நான் என்னய்யா செய்ய?"

யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஈவென்ட்டை அங்கயே நிறுத்தினோம். காலேஜ்ல ஒரு விசாரணை, ஒரு எச்சரிக்கை, அதோட முடிஞ்சது. எனக்கு முடியல. ஏன்னா எங்க அம்மா வேலை பாக்கறதும் ஃபயர் ஆபீஸ்லதான்.

தினமும் காலையில வேலைக்குப் போற அம்மா, போனை கேட்லயே குடுத்துட்டுத்தான் உள்ள போவாங்க. சாயங்காலம் வரைக்கும் அவங்களைக் கூப்பிட முடியாது. உரசல், பொறி, சூடு எதுவும் ஆகாது, இரும்புச் சாமான் ஆகாது, வெயில் ஏறுனா மருந்து வேலை ஆகாது. எங்க வீட்டுல எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கேட்ட பாடம் இது. அதே பையன் பதினாலு டீமை போனை உயர்த்திப் பிடிச்சுக்கிட்டு போகச் சொல்லி அனுப்பியிருக்கேன்.

'காடு'ன்னா என்ன?

ஆறாவது படிக்கும்போது இங்கிலீஷ் மிஸ் 'உங்க பாட்டி என்ன செய்றாங்க'ன்னு கேட்டாங்க. "மை கிராண்ட்மதர் வென்ட் டு த ஃபாரஸ்ட்"னு சொன்னேன். கிளாஸே சிரிச்சது. மிஸ்ஸும் சிரிச்சாங்க. 'வனவாசமா?'ன்னு கேட்டாங்க.

எங்க அம்மாச்சி போனது காட்டுக்கு. கரிசல்ல காடுன்னா மானாவாரி நிலம். மழையை நம்பிச் சோளம், கம்பு, பருத்தி, உளுந்து போடற இடம். 'காட்டுக்குப் போறேன்'னா வேலைக்குப் போறேன்னு அர்த்தம். புலி, சிங்கம் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு காட்டுக்கும் பேர் உண்டு: ஓடைக்காடு, மேட்டுக்காடு, புளியமரத்துக்காடு. அந்தப் பேர் எதுவும் உங்க மேப்ல இருக்காது.

இங்கிலீஷ்ல படிச்ச எனக்கு 'காடு'ங்கற சொல் மாறிப்போச்சு. அதோட அந்த இடமும் மாறிப்போச்சு. ஆள் இல்லாத புதர், சாகசம் பண்ற இடம், கேம் ஆடற மைதானம்னு பார்க்கப் பழகிட்டேன். ஆனா நம்ம புதர் எதுவும் காலி இல்ல. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கற இடத்துலயும் காலையில ஒருத்தர் ஆடு மேய்க்கிறார், மத்தியானம் ஒருத்தர் கரிமூட்டம் போடறார், ஒரு அக்கா விறகு பொறுக்குது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு புல்லுக்குள்ள மறைஞ்சு கிடக்கு. கைவிட்ட கல்குவாரி தண்ணி நிறைஞ்சு நிக்குது. கண்ணாடி விரியன் இருக்கு. அப்புறம் வெடிமருந்து. பட்டாசு மட்டும் இல்ல, 2024 மே 1-ம் தேதி காரியாபட்டி பக்கம் ஆவியூர்ல ஒரு கல்குவாரியோட வெடிமருந்துக் கிட்டங்கியே வெடிச்சு உயிர்கள் போனது நம்ம மாவட்டத்துலதான்.

மேப்ல இந்தப் பக்கம் வெறுமையா இருக்கறதுக்குக் காரணம் இங்க ஒண்ணும் இல்லாதது இல்ல. இங்க இருக்கறதை யாரும் எழுதல, அவ்வளவுதான்.

பேய் செஞ்ச வேலை

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் லீவுல ஊருக்குப் போனேன். அம்மாச்சிகிட்ட, "கொள்ளிவாய்ப் பிசாசு எங்கெங்க இருக்கும்னு சொன்னே?"ன்னு கேட்டேன். மூணு இடம் சொல்லுச்சு. ஒண்ணு, ஓடைக்கரையில இருக்கற பாழுங்கிணறு. ரெண்டு, கண்மாய் மடைக்குப் பக்கத்துல ஆழமான குழி. மூணு, பழைய கிடங்கு. கல் வெட்டி எடுத்துட்டு விட்ட பள்ளம்.

மூணையும் நேர்ல நடந்து பார்த்தேன். மூணும் சின்னப் பிள்ளை விழுந்தா எந்திரிக்க முடியாத இடம்.

சதுப்புல மட்கின செடியில இருந்து வர்ற மீத்தேன் எரியறதுதான் கொள்ளிவாய்ப் பிசாசுன்னு ஸ்கூல்ல படிச்சோம். சரி, அது அறிவியல். ஆனா அந்தக் கதை என்ன வேலை செஞ்சதுன்னு எந்த டீச்சரும் சொல்லல. 'உச்சி வேளையில ஓடைப் பக்கம் போகாதே, இருட்டுனா மடைப் பக்கம் போகாதே'ன்னு ஒரு எல்லைக்கோடு போட்டு, அதைப் பிள்ளைங்க தலைக்குள்ள அழியாம ஏத்தின வேலை அது. இப்ப நாம கோடு எழுதி 'ஜியோஃபென்ஸ்'னு சொல்றோமே, அதேதான். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் வேலை செய்யும்.

'முனி ஓட்டம்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. ராத்திரி முனி ஓடற பாதை, அதுல வீடு கட்டக்கூடாது, கட்டில் போடக்கூடாதும்பாங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா 'இந்தக் கோட்டை மறிக்காதே'ன்னு ஊரே சேர்ந்து மனசுல வெச்சிருக்கற ஒரு மேப் அது.

ஆஸ்திரேலியாவோட பன்யிப்பும் அப்படித்தான். அந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் கதையில அது இருக்கற இடம் ஆத்து மடு, சதுப்பு, குட்டை. அந்தப் பக்கம் பிள்ளைங்க தனியாப் போயிடாம இருக்கவும் அந்தப் பயம் உதவியிருக்கு. வெள்ளைக்காரங்க வந்தப்புறம் அது வேடிக்கைப் பொருளா மாறுச்சு. 1847-ல சிட்னி மியூசியத்துல ஒரு கோணல் மண்டையோட்டை 'பன்யிப் மண்டை'ன்னு வெச்சு ஜனங்க பார்த்துட்டுப் போனாங்க. 'போகாதே'ன்னு சொன்ன கதை 'வந்து பார்'னு மாறிடுச்சு.

நான் செஞ்சதும் அதுதானே? பிள்ளைங்களை ஓடைக்குப் போகவிடாம தடுத்த பேயை எடுத்து, பிள்ளைங்களை ஓடைக்கு இழுக்கற பேயா மாத்தினேன். என் வாதம் இதுதான்: நம்ம ஊர்ப் பேயை வெச்சு விளையாட்டு செய்யலாம், தப்பே இல்ல. ஆனா அது பார்த்த காவல் வேலையையும் சேர்த்து எடுத்துக்கணும். உருவத்தை மட்டும் திருடிட்டு வேலையை விட்டுட்டா ஆபத்து.

வேடிக்கை பார்க்கப் போனவங்க

'ஒரு தடவை நடந்ததுக்கு இவ்வளவு பேச்சா'ன்னு கேக்கலாம். இது எனக்கு மட்டும் நடந்தது இல்ல.

போகிமான் கோ வெளிவந்த 2016 ஜூலையிலேயே, போஸ்னியாவுல கண்ணிவெடி அகற்ற உழைக்கற ஒரு அமைப்பு எச்சரிக்கை விட்டது. 1992-95 போர்ல புதைச்ச கண்ணிவெடி இருக்கற நிலத்துக்குள்ள ஆட்டக்காரங்க போறாங்க, எச்சரிக்கைப் பலகையை மதிங்கன்னு. அதே மாசம் ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலையை நடத்தற கம்பெனி, எங்க வளாகத்துல போகிமானைக் காட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டது. நம்ம நாட்டுல அதே வருஷம் குஜராத் உயர் நீதிமன்றத்துல, வழிபாட்டுத் தலங்கள்ல முட்டையைக் காட்டறாங்கன்னு பொதுநல வழக்கே போட்டாங்க. மூணும் வேற வேற பிரச்சினைதான். ஆனா வேர் ஒண்ணு: எங்கயோ உக்காந்து பின் போட்டவங்களுக்கு, அந்த இடத்துல இருக்கறவங்களுக்கு அது என்னன்னு தெரியல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. பேரைக் கேட்டாலே எங்க பக்கம் பேச்சு நின்னுடும். 30 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல நிறையப் பேர் அந்த ஆலையில வேலை பார்த்தவங்க இல்ல. புகை கிளம்பினதைப் பார்த்துட்டு, காப்பாத்தலாம்னும் என்ன நடக்குதுன்னு பார்க்கலாம்னும் அக்கம்பக்கத்து ஊர்கள்ல இருந்து ஓடினவங்க. முதல் வெடி அவங்களைக் கொல்லல. பக்கத்துல போனதுதான் கொன்னது. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அதுக்கு முன்னாடியும் உண்டு, பின்னாடியும் உண்டு.

பட்டாசு நிலத்துல 'ஆர்வம்' ஒரு சாதாரண விஷயம் இல்ல. ஒரு தேடல் விளையாட்டோட இன்ஜினே ஆர்வம்தான். அம்புக்குறி காட்டும், பாயின்ட் ஏறும், நேரம் ஓடும், போட்டி டீம் முந்தும். இதெல்லாம் சேர்ந்து வேலியைக் கண்ணுக்குத் தெரியாம ஆக்கிரும். அந்த மூணு பசங்க முட்டாள் இல்ல. வேலியைத் தாண்டச் சொன்னது நான் செஞ்ச டிசைன்.

அப்போ வீட்டுக்குள்ளயே இருக்கணுமா?

என் ஃபிரண்டு ஒருத்தன் இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு, "நீ சொல்றதைப் பார்த்தா ஹாஸ்டல் கேட்டையே பூட்டிரலாம் போலயே"ன்னான். கேள்வி நியாயம்தான். ஏற்கெனவே ஸ்டூடன்ட்ஸ் எதையாவது வெளிய போய் செஞ்சா 'பர்மிஷன் இல்ல'ன்னு ஒரே வார்த்தையில முடிக்கறவங்க நிறைய. அவங்களுக்கு இந்தக் கட்டுரை ஒரு ஆயுதமா மாறக்கூடாது.

நான் இன்னும் இந்த விளையாட்டை நம்பறேன். திரைக்குள்ள உக்காந்திருக்கறவனை எழுப்பி வெயில்ல நடக்க வைக்கற ஒரே கேம் இதுதான். ஜிபிஎஸ்-ல வேணும்னே கலந்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாசம் நீக்கினதும், அடுத்த நாளே ஒரேகான்ல ஒருத்தர் ஒரு வாளியில சாமானைப் போட்டு மறைச்சு வெச்சு, ஆயத்தொலைவை வெளியிட்டார். ஜியோகேஷிங் அப்படித்தான் பிறந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க ஆடறாங்க. அதுல ஒரு விதி: நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்காம எதையும் வைக்கக்கூடாது. நான் கேமை மட்டும் காப்பி அடிச்சேன், விதியை விட்டுட்டேன்.

அதனால, இனிமே நடத்தப் போறவங்களுக்கு என் பங்குக்கு நாலு விஷயம்.

ஒண்ணு. முதல்ல போகக்கூடாத மேப்பைப் போடுங்க. ஃபயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், குவாரி, கிணறு, ரயில் பாதை, கண்மாய் மடை. ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு வட்டம். மிச்சம் இருக்கற இடத்துல மட்டும்தான் கேம். ஒரு புள்ளி வட்டத்துக்குள்ள இருக்கான்னு பார்க்கற கோடு பத்து வரி கூட வராது, செகண்ட் இயர் பசங்களே எழுதிருவாங்க. யாராவது அந்தப் பக்கம் திரும்பினா திரை சிவப்பாகணும், பாயின்ட் குறையணும். கொள்ளிவாய்ப் பிசாசை அங்க நிறுத்துங்க. அதைப் பிடிக்கறவன் ஜெயிக்கக்கூடாது, அதுகிட்ட மாட்டாதவன்தான் ஜெயிக்கணும்.

ரெண்டு. ஒவ்வொரு பின்னையும் காலால நடந்து பாருங்க, கேம் நடக்கப் போற அதே நேரத்துல. காலையில பார்த்த ஓடை வேற, உச்சி வெயில்ல பார்க்கற ஓடை வேற. நடந்து பார்க்க முடியலன்னா அந்தப் பின் வேண்டாம். ஏழு இடத்துக்குப் பதிலா மூணு இடம் போதும்.

மூணு. அங்க இருக்கற மூணு பேர்கிட்ட கேளுங்க. ஆடு மேய்க்கிறவர், ஏதாவது ஒரு காட்டுக்காரர், பக்கத்துல இருக்கற வாட்ச்மேன். 'அண்ணே, இந்தப் பக்கம் பிள்ளைக வந்தா என்ன ஆகும்?' இந்த ஒரு கேள்வி போதும். எந்த சேட்டிலைட்டும் சொல்லாததை அவங்க சொல்வாங்க.

நாலு. தசம இடத்தை வெட்டாதீங்க. அஞ்சு இலக்கம் வெச்சா ஒரு மீட்டர், மூணு வெச்சா நூறு மீட்டர். இது கேமுக்கு மட்டும் இல்ல. நாளைக்கு நம்மள்ல ஒருத்தர் டெலிவரி ஆப் எழுதுவோம், ட்ரோன் ஓட்டுவோம், ஆம்புலன்ஸுக்கு வழி காட்டற சாஃப்ட்வேர் எழுதுவோம். அப்பவும் ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் ஒரு முள்வேலி இருக்கும்.

இடத்துக்கும் பஞ்சம் இல்ல. குல்லூர்சந்தை அணைப் பக்கம் போய்ப் பாருங்க, பறவைக்குக் குறைவே இல்ல. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேர்ற இருக்கன்குடி இருக்கு. அகழாய்வு நடந்த வெம்பக்கோட்டை இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில சாம்பல் நிற அணில் நிஜமாவே இருக்கு. அது கொள்ளிவாய்ப் பிசாசைவிட அபூர்வம். ஆனா அது 2021-ல இருந்து புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம உள்ள கால் வைக்கக்கூடாது. அந்த எல்லையும் விளையாட்டுல ஒரு பாகமா இருக்கட்டும்.

கடைசியா

நடந்ததை அம்மாகிட்ட ரொம்ப நாள் சொல்லல. ஒரு ஞாயித்துக்கிழமை சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். "எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அங்க மருந்து ரூம் ஓடைப் பக்கமாத்தான் இருக்கும். புள்ளைக எவ்வளவு தூரத்துல நின்னுச்சுக?"ன்னாங்க. இருபது மீட்டர் இருக்கும்னேன். அதுக்கப்புறம் அம்மா ஒண்ணும் பேசல. தட்டுல சோறு வெச்சாங்க.

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும்போது, "அந்த வாட்ச்மேனுக்கு ஒரு நல்ல வேட்டி வாங்கிக் குடுத்துட்டு வாடா"ன்னாங்க. வாங்கிக் குடுத்தேன். வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வாங்கிக்கிட்டார்.

இந்த வருஷ சிம்போசியத்துக்கு ஜூனியர்ஸ் அந்த கேம் ஃபைலைக் கேட்டாங்க. குடுத்துட்டேன். ஏழு பின்னையும் அழிச்சுட்டு, சிவப்பு வட்டங்களை மட்டும் வெச்சுக் குடுத்திருக்கேன். இதுவரைக்கும் முப்பத்தொரு வட்டம் இருக்கு. எங்க அம்மாச்சி சொன்ன மூணு இடமும் அதுல சேர்த்தி.

உங்க ஊர்லயும் ஒரு அம்மாச்சி, ஒரு அப்பத்தா, ஒரு தாத்தா இருப்பாங்க. 'சின்ன வயசுல எந்தப் பக்கம் போகாதேன்னு சொன்னீங்க?'ன்னு கேட்டு, அந்த இடத்தை நடந்து பார்த்துட்டு அனுப்புங்க. முடிஞ்சா அந்தக் காட்டோட பேரையும் எழுதுங்க. தசம இடத்தை மட்டும் வெட்டிராதீங்க.